ஆறாம் கட்டில், மணி ஒன்றே முக்கால்

ஜூன் 3, செவ்வாய்

விண்ணப்பம் போட்டாயிற்று. புறவழிச்சாலையில் புதிதாகத் திறந்திருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ் வேலை. நாற்பது பேரை எடுக்கிறார்களாம். பதினொரு வருட அனுபவம் என்று எழுதும்போது எனக்கே கொஞ்சம் மிதப்பாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே, பழைய வேலையை விட்டதற்குக் காரணம் கேட்டிருந்தார்கள். மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் என்று எழுதினேன்.

அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குக் கால் ஒரு மாசத்துலயே சரியாயிட்டே. ஏழு மாசமாவா என்னத் தூக்கிச் சுமந்த?" என்றார்கள். ஆபரேஷன் நடந்தது உண்மை. நான் கூட இருந்ததும் உண்மை. மற்றதை எல்லாம் அந்தச் சின்ன இடத்தில் எழுத முடியாது.

ஜூன் 5, வியாழன்

பட்டுராணி வந்தாள். என் வீட்டுக்காரரின் தங்கை. தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருக்கிறாள். அந்த ஒரு காரணத்துக்காக உலகத்தில் யார் எங்கே இன்டர்வியூவுக்குப் போனாலும் இவள்தான் குரு. இந்த நோட்டும் அவள் வாங்கி வந்ததுதான். "தெனமும் தேதி போட்டு எழுதுங்க மதினி. மனசுல இருக்கத கொட்டிட்டா அங்க போயி திக்காது" என்றாள். கூடவே இருபத்திரண்டு கேள்விகள் அச்சடித்த தாள்.

உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். சரி. உங்கள் பலம் என்ன? அதற்கும் எதையாவது சொல்லிவிடலாம். ஒரே நேரத்தில் இரண்டு நோயாளிகள் மோசமானால் யாரிடம் முதலில் போவீர்கள்? இதைப் போய் என்னிடம் கேட்க வேண்டுமா, நான் நாலு பேரை ஒன்றாகப் பார்த்தவள். ஒன்பதாவது கேள்வி: நீங்கள் செய்த ஒரு தவறைச் சொல்லுங்கள், அதிலிருந்து என்ன கற்றுக்கொண்டீர்கள்?

"தப்பே பண்ணலன்னு சொன்னா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொன்னா அங்கயே வெளிய அனுப்பிருவாங்க. ஒரு தப்பு சொல்லணும் மதினி. சின்னதா இருக்கணும், ஆனா தப்பு மாதிரி இருக்கணும். யாருக்கும் ஒண்ணும் ஆயிருக்கக் கூடாது. நீங்களே கண்டுபிடிச்சு நீங்களே சொல்லிருக்கணும்."

இப்படி அளவெடுத்துத் தைத்த தப்புக்கு நான் எங்கே போவேன்?

ஜூன் 6, வெள்ளி

சாளை மீன் மலிவு. குழம்பு வைத்தேன். ஒன்று முதல் எட்டு வரை மனப்பாடம்.

ஜூன் 9, திங்கள்

தப்பு கிடைத்துவிட்டது. நாலு வருடத்துக்கு முன்னால், ஒன்பதாம் கட்டில்காரருக்கு ஏற்ற வேண்டிய டிரிப்பை எட்டாம் கட்டில் பக்கம் மாட்டப் போனேன். பாட்டிலில் பெயரைப் பார்த்ததும் உடனே எடுத்துவிட்டேன். ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. "டாக்டரிடம் உடனே சொன்னேன், அன்று முதல் பெயரை இரண்டு முறை வாசிக்கிறேன்" என்று முடித்துக்கொள்ளலாம். டாக்டரிடம் சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. அனேகமாகச் சொல்லியிருக்க மாட்டேன்.

பட்டுராணிக்குப் போனில் சொன்னேன். "சூப்பர் மதினி, இதான் வேணும்" என்றாள்.

போனை வைத்த பிறகு இவர் கேட்டார். என் வீட்டுக்காரர் ஆதிலிங்கம். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசாதவர், பேசினால் இடம் பார்த்துத்தான் பேசுவார். "அங்க ஒரு பெரிய பிரச்சன ஆச்சே, அதக் கேட்டா என்ன சொல்லுவ?"

"அது ஜெனிட்டா பண்ண தப்பு. எனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?" என்றேன்.

"இல்ல, கேட்டேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஜூன் 12, வியாழன்

இன்டர்வியூ பதினெட்டாம் தேதி காலை பத்தரை மணி என்று தகவல் வந்திருக்கிறது. வெள்ளைச் சேலையை எடுத்துப் பார்த்தேன். மடிப்பில் மஞ்சள் பூத்திருக்கிறது. நீலம் போட்டு அலசினேன். காற்று ஆளைத் தூக்குகிறது, மாடியில் போட்ட சேலையைப் பக்கத்து வீட்டில் போய் வாங்கி வந்தேன்.

ஜெனிட்டாவைப் பற்றி இங்கே ஒரு வரி எழுதிவிட்டதால் முழுதும் எழுத வேண்டியதாகிறது. இருபத்துமூன்று வயசுப் பிள்ளை. சாயர்புரத்துக்காரி. அப்பா இல்லை, அம்மா மட்டும். படித்து முடித்த கையோடு எங்களிடம் வந்தாள். நான்தான் வேலை பழக்கினேன். நல்ல கை அவளுக்கு. நரம்பு கிடைக்காத ஆட்களுக்கும் ஒரே குத்தில் ஊசியை ஏற்றிவிடுவாள். குழந்தைகள் அழாது.

அவளிடம் ஒரு குணம். ஒவ்வொரு ஊசி போட்டதும், கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று சார்ட்டில் நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஆளிடம் போவாள். நாங்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. டூட்டி முடிகிற நேரம் மேசையில் உட்கார்ந்து, பன்னிரண்டு ஃபைலையும் அடுக்கி வைத்துக்கொண்டு, டீ குடித்தபடி மொத்தமாகப் போடுவோம். ரெண்டு மணிக்கு அடுத்த ஷிஃப்ட் வருவதற்குள் எல்லாக் கட்டமும் நிறைந்திருக்கும். எனக்குத் தெரிந்து அந்த ஆஸ்பத்திரி திறந்த நாளிலிருந்து அதுதான் பழக்கம்.

"என்னட்டி, கலெக்டர் ஆபீஸ்லயா வேல பாக்க? நின்னு நின்னு கையெழுத்துப் போடுத!" என்று அவளைக் கேலி செய்வேன். எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள்.

ஜூன் 15, ஞாயிறு

அத்தையும் இவரும் கல்யாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் நான் மட்டும். எழுதிவிடுகிறேன்.

போன அக்டோபர். எனக்குக் காலை ஷிஃப்ட். ஆறாம் கட்டிலில் ஒரு ரிட்டயர்டு கண்டக்டர், சர்க்கரைக்காரர். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்சுலின் போட வேண்டும். அவரை ஸ்கேனுக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பி வரவே ஒன்றே முக்கால் ஆகிவிட்டது. வந்ததும் ஊசி போட்டேன், சாப்பாட்டுத் தட்டை வைக்கச் சொன்னேன். அந்த மனிதர் ஸ்கேன் களைப்பில் கண்ணைத் திறக்கவே இல்லை. ரெண்டு வாய்தான் சாப்பிட்டிருப்பார்.

ரெண்டு மணிக்கு ஜெனிட்டா வந்தாள். கட்டில் கட்டிலாகச் சொல்லி ஒப்படைத்துக்கொண்டு வந்தேன். ஐந்தாம் கட்டில் வரை சொல்லியிருப்பேன், கீழே பைக் மோதிய கேஸ் ஒன்று வந்துவிட்டது. காலில் எலும்பு வெளியே தெரிகிறது. எங்கள் டாக்டரம்மா கூப்பிட்டார்கள். நான் ஓடினேன். ஃபைலெல்லாம் மேசையில் அப்படியே இருந்தன. மற்ற கட்டில்களுக்கு எழுதியிருந்தேன். ஆறாம் கட்டிலுக்கு மட்டும் எழுதவில்லை.

ஜெனிட்டா பார்த்திருக்கிறாள். இன்சுலின் கட்டம் காலி. மணி ரெண்டைத் தாண்டிவிட்டது, சாப்பாடு பக்கத்தில் இருக்கிறது. அவரை எழுப்பிக் கேட்டிருக்கிறாள். "ஏகப்பட்ட ஊசி போட்டாங்கம்மா" என்றாராம். ஸ்கேனுக்குப் போட்டதைச் சொல்கிறார் என்று நினைத்து, இன்சுலினைப் போட்டுவிட்டாள். போட்டதும், மதிய ஷிஃப்டுக்கென்று இருக்கும் அடுத்த வரியில் கையெழுத்தும் போட்டுவிட்டாள், ரெண்டு பத்து என்று.

மூன்று மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கூப்பிட்டால் பதில் இல்லை. நான் மேலே ஓடி வந்தேன். சர்க்கரை முப்பத்தெட்டுக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினோம், ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். அவரை அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிற அமளியில் எல்லோரும் லிஃப்ட் பக்கம் போய்விட்டார்கள். மேசையில் ஃபைல் திறந்தே இருந்தது. நான் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் மணி ஒன்றே முக்கால் என்று எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

நான் எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை. ஒன்றே முக்காலுக்குத்தான் ஊசி போட்டேன். போட்டதைப் போட்டேன் என்று எழுதினேன். முன்னாலேயே எழுத வேண்டியதைக் கொஞ்சம் பிந்தி எழுதினேன், அவ்வளவுதான்.

கொஞ்சம் என்றால் ஒன்றரை மணி நேரம்.

அந்த மனிதர் பிழைத்துக்கொண்டார். பதினோரு நாள் கழித்து வீட்டுக்குப் போனார்.

மறுநாள் டாக்டரம்மா அறையில் விசாரணை. "கட்டம் காலியா இருந்துச்சு மேடம், அதான் போட்டேன்" என்றாள் ஜெனிட்டா. டாக்டரம்மா ஃபைலை அவள் பக்கம் திருப்பி வைத்தார்கள். அவள் பார்த்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். பிறகு, "மன்னிச்சிருங்க மேடம்" என்றாள். அனுபவச் சான்றிதழ்கூடக் கொடுக்காமல் அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள்.

அடுத்த மாசம் அத்தைக்கு ஆபரேஷன் வந்தது. நான் வேலையை விட்டேன். இத்தனை பக்கம் எழுதிவிட்டு, முழங்காலுக்காகத்தான் விட்டேன் என்று இந்த நோட்டில் எழுத மனசு வரவில்லை. அந்த மேசையில் உட்கார முடியவில்லை, அதனால் விட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

பட்டுராணி போன் பண்ணி ஒன்பதாவது கேள்வியை மட்டும் மூன்று தரம் கேட்டாள். மூன்று தரமும் பிசிறில்லாமல் சொன்னேன்.

ஜூன் 18, புதன்

போய்விட்டு வந்துவிட்டேன்.

மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டாக்டர், ஆபீஸ்காரர் ஒருவர், நடுவில் நர்சிங் சூப்பரிண்டெண்ட் மரகதவல்லி மேடம். மதுரைப் பக்கம்போலத் தெரிகிறது. ஐம்பத்தைந்து வயசிருக்கும். சத்தமே போடாமல் பேசுகிறார்கள், அதனால் நாமும் முதுகை நிமிர்த்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இன்சுலின் வகைகளைக் கேட்டார்கள். வரிசையாகச் சொன்னேன். தப்பைக் கேட்டார்கள். டிரிப் பாட்டில் கதையைச் சொன்னேன்.

"அதை யார்கிட்ட சொன்னீங்க?"

"உடனே டாக்டர்ட்ட சொல்லிட்டேன் மேடம்."

"குட்" என்று எழுதிக்கொண்டார்கள். எல்லாம் முடிந்தது என்று எழுந்திருக்கப் பார்த்தேன்.

"ஒரு நிமிஷம் உக்காருங்கம்மா" என்றார்கள் மேடம். "உங்க பழைய ஆஸ்பத்திரியில ஜெனிட்டான்னு ஒரு பொண்ணு வேலை பாத்துச்சா? நேத்து வந்திருந்தது. அனுபவச் சான்றிதழ் இல்லை. ஏன்னு கேட்டேன். ஏற்கெனவே கையெழுத்து இருந்ததைப் பாக்காம ரெண்டாவது தடவ இன்சுலின் போட்டுட்டேன், அனுப்பிட்டாங்கன்னு அதுவே சொல்லுச்சு. யாரும் இப்படிச் சொல்ல மாட்டாங்க. எனக்கு அந்தப் பொண்ணைப் பிடிச்சிருக்கு. ஆனா பயமாவும் இருக்கு. அது விண்ணப்பத்துல சீனியர்னு உங்க பேரைத்தான் போட்டிருக்கு. நீங்க சொல்லுங்க, எடுக்கலாமா?"

இந்தக் கேள்வி பட்டுராணியின் தாளில் இல்லை.

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். என் வேலை இன்னும் முடிவாகவில்லை. கையெழுத்தைப் பற்றிச் சொன்னால் இப்போதுதான் சொன்ன டிரிப் பாட்டிலும் போகும், நானும் போவேன். "நல்ல பொண்ணு மேடம். வேல ரொம்பச் சுத்தம்" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா கொஞ்சம் அவசரம்" என்றேன்.

மேடம் தாளில் எதையோ கோடு போட்டு அடித்தார்கள்.

ஜூன் 19, வியாழன்

அவசரப்பட்டவள் அவள் இல்லை. பதினொரு வருடமாக டீ ஆறிவிடுமே என்று மொத்தமாகக் கையெழுத்துப் போட்டவள் நான்.

ஜூன் 24, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. ஜூலை ஒன்றாம் தேதி சேர வேண்டும். ஆர்டரை வாங்கப் போனபோது தேர்வானவர்கள் பட்டியலைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். நாற்பது பெயரையும் வாசித்தேன். மேலிருந்து கீழாக ஒரு தரம், கீழிருந்து மேலாக ஒரு தரம். ஜெனிட்டா இல்லை.

அத்தை பாயசம் வைத்தார்கள். பட்டுராணி போனில் கத்தினாள், "நான் சொல்லல? அந்தத் தப்புதான் மதினி உங்களுக்கு வேல வாங்கிக் குடுத்துச்சு!"

நான் பாயசம் குடிக்கவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். இவர் மட்டும் ஆர்டரை ரெண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டு, "சந்தோசந்தான?" என்று கேட்டார். "பின்ன?" என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

சாயர்புரம் போனேன். சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் பஸ் ஏறினேன். என்ன பேச வேண்டும் என்று ஒன்றும் யோசிக்கவில்லை. ரெண்டு ஆப்பிள் வாங்கிக்கொண்டேன், நோயாளியைப் பார்க்கப் போகிறவள் மாதிரி.

ஜெனிட்டா வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருக்கிறாள். என்னைப் பார்த்ததும் வாளியை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்து, "அக்கா!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வரமாட்டேனா என்று இத்தனை நாளும் பார்த்துக்கொண்டிருந்தவள் போல இருந்தது.

"உங்களுக்கு வேல கெடச்சிட்டாமே! எனக்குத் தெரியும்க்கா, உங்களுக்குக் கெடைக்காம யாருக்குக் கெடைக்கும்? என்னப் பத்தியும் கேட்டிருப்பாங்க. நீங்க எனக்காக நாலு வார்த்த நல்லதாத்தான் சொல்லிருப்பீங்க. ஆனா அவங்களும் என்னத்தப் பண்ணுவாங்க, நான் செஞ்ச காரியம் அப்படி."

"இப்ப என்ன பண்ணுத?" என்று கேட்டேன்.

"ஜவுளிக்கடையில நிக்கேன்க்கா. சேல மடிக்கணும், அவ்வளவுதான். மடிச்சா யாரும் சாவ மாட்டாங்க." சிரித்தாள்.

"கண்ணாடி எப்பத்துலருந்து?"

"அது வந்துக்கா," என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அன்னைக்கு அந்தக் கட்டத்துல உங்க கையெழுத்து இருந்திருக்குல்லா. எனக்குத் தெரியலயே. நான் நல்லாப் பாத்தேன்க்கா. விரல வச்சுத் தடவிக்கூடப் பாத்தேன். வெள்ளையா இருந்துச்சு. எப்படி ஒரு எழுத்து, ஒரு நேரம், எல்லாம் கண்ணுக்குத் தெரியாமப் போவும்? பயந்துபோயி கண்ணாஸ்பத்திரிக்குப் போனேன். ஒண்ணும் இல்லன்னுட்டாங்க. திருநெல்வேலிக்குப் போயி இன்னொரு டாக்டர்ட்டயும் காட்டினேன். அவரும் பவரே இல்ல, கண்ணாடி வேண்டாம்னாரு. நான்தான் கேட்டு வாங்கிப் போட்டிருக்கேன். அப்பவும் ஒரு பில்ல நாலு தடவ பாக்கேன். கண்ணு நல்லா இருக்குன்னா அப்போ கோளாறு மண்டையிலயா இருக்கும்? எங்கம்மா என்னக் கோயில் கோயிலாக் கூட்டிட்டுப் போறா."

எட்டு மாசம். நான் அவளை வேலையிலிருந்து மட்டும்தான் அனுப்பினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உன் கண்ணுல ஒண்ணும் இல்லட்டி" என்றேன். "நீ பாக்கும்போது அது காலியாத்தான் இருந்துச்சு. நான் கையெழுத்த மூணே காலுக்குத்தான் போட்டேன். அவர ஆம்புலன்ஸ்ல ஏத்தும்போது. ஒன்றே முக்கால்னு எழுதிப் போட்டேன்."

அவள் கண்ணாடியைக் கையில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தேன்.

"காலியாவா இருந்துச்சு?"

"காலியாத்தான் இருந்துச்சு."

"திருப்பிச் சொல்லுங்கக்கா."

சொன்னேன்.

"எம்மா!" என்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டாள். "எம்மா, இங்க வா, சீக்கிரம் வா. அக்கா என்ன சொல்லுதாங்கன்னு கேளு." அவள் அம்மா மாவுக் கையோடு வந்தார்கள். "சொல்லுங்கக்கா, அம்மாட்டயும் சொல்லுங்க."

அந்த அம்மாவிடமும் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஜெனிட்டா அம்மாவின் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். "காலியாத்தான் இருந்துச்சாம்மா! நான் பாத்தது சரிதானாம்! எனக்கு ஒண்ணும் இல்லம்மா!" அழுதுகொண்டே சிரித்தாள். எனக்கு வேலை கிடைத்ததற்கு என் வீட்டில் யாரும் இப்படிச் சந்தோஷப்படவில்லை.

அவள் அம்மா சந்தோஷப்படவில்லை. மாவுக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்கள். "இத அங்க போயி சொல்லுவீங்களா, இல்ல எங்க வீட்டுக்குள்ளயே சொல்லிட்டுப் போயிருவீங்களா?" என்று கேட்டார்கள்.

"சொல்லுதேன்" என்றேன்.

ஆப்பிளைக் கொடுக்க மறந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன்.

ஜூன் 28, சனி

இன்று போகவில்லை. தூறல்.

ஜூன் 29, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் இருக்காது. இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயை அடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "எனக்குத் தெரியும்" என்றார்.

"எப்படித் தெரியும்?"

"என்னன்னு தெரியாது. என்னமோன்னு தெரியும். நீ தூக்கத்துல மணி சொல்லுத."

நாளைக்கு அவரே வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

ஜூன் 30, திங்கள்

மேடம் நாளை சேர வேண்டியவர்களின் டூட்டி பட்டியலைப் போட்டுக்கொண்டிருந்தார்கள். என் பெயர் அதில் ஆண்கள் வார்டு காலை ஷிஃப்டில் இருந்தது. தலைகீழாகப் பார்த்தே வாசித்துவிட்டேன்.

நின்றுகொண்டே சொன்னேன். கட்டில் எண், போட்ட நேரம், எழுதிய நேரம், விசாரணையில் வாயைத் திறக்காதது, இங்கே இன்டர்வியூவில் சொன்னது. டிரிப் பாட்டில் விஷயத்தையும் விடவில்லை. வீட்டில் ஒத்திகை பார்க்காததால் முன்னுக்குப் பின்னாக வந்தது.

"அப்போ அந்தப் பொண்ணு அவசரப்படல" என்றார்கள் கடைசியில்.

"இல்ல மேடம். அதுதான் எங்கள்ல நிதானமானது."

"நோயாளிக்குத் தப்பு நடந்தா நான் மன்னிச்சிருவேன். நானே பண்ணியிருக்கேன். சார்ட்டுல கை வைக்கிறவங்களை என்னால வார்டுல விட முடியாதும்மா. ராத்திரி பகல் பாக்காம அந்தத் தாளை நம்பித்தான் இத்தனை பேர் ஊசி போடுறோம்."

"தெரியும் மேடம்" என்று ஆர்டரை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து எல்லாவற்றையும் எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். பழைய ஆஸ்பத்திரி டாக்டரம்மாவுக்கும் ஒரு பிரதி போகும் என்றார்கள். நர்சிங் கவுன்சிலுக்கு எழுத வேண்டிவரலாம் என்றும் சொன்னார்கள். டூட்டி பட்டியலில் என் பெயரை ஒரு கோடு போட்டு அடித்தார்கள். அதற்கு மேலே ஜெனிட்டாவின் பெயரை எழுதவில்லை. "கூப்பிட்டுப் பேசறேன். வரணுமே" என்றார்கள்.

வேனில் ஏறினதும் இவர் வண்டியை எடுத்தார். பாதி வழியில் நிறுத்தி ரெண்டு பேருக்கும் டீ வாங்கி வந்தார். ஆற விட்டுத்தான் குடித்தேன்.

ஜூலை 2, புதன்

பட்டுராணி என்னோடு பேச மாட்டாளாம். இருபத்திரண்டு கேள்வியும் வீணாகப் போயிற்றாம். அத்தை மட்டும், "நீ வேலைய விட்டது என் காலால இல்லன்னு இப்பவாச்சும் தெரிஞ்சிதே" என்றார்கள். வெண்டைக்காய் நறுக்கினேன்.

ஜூலை 4, வெள்ளி

ஜெனிட்டா நேற்று வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். ஆண்கள் வார்டு, காலை ஷிஃப்ட். சந்தோஷமாக இருந்தது. என்னைக் கூப்பிட்டுச் சொல்வாள் என்று நாள் முழுக்கப் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திரிந்தேன். சொல்லப்போனால் ஒரு நன்றியைக்கூட எதிர்பார்த்தேன். என் புத்தி அப்படி.

ஜூலை 6, ஞாயிறு

ஜெனிட்டா கூப்பிட்டாள். மதியம் மூன்று மணி இருக்கும்.

எடுத்ததும், "வேல எப்படி இருக்கு? ஊசி போட ஆரம்பிச்சிட்டியா?" என்று நானே பேசிக்கொண்டு போனேன். சாயர்புரத்தில் கேட்ட அந்தக் குரல் இல்லை. சந்தோஷமெல்லாம் தீர்ந்து, அடியில் கிடந்தது மேலே வர ஒன்பது நாள் ஆகியிருக்கிறது.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றாள். அக்கா என்று சொல்லவில்லை.

"கேளு."

"டாக்டரம்மா ஃபைல எம்பக்கம் திருப்பி வச்சாங்கல்லா. நான் பாத்தேன்லா. அப்போ நீங்க என் முகத்தப் பாத்தீங்களா?"

வேலை போய்விடும் என்ற பயம், வயிற்றுப்பாடு, வீட்டு நிலைமை என்று சொல்ல எவ்வளவோ இருந்தது. அவள் அதையெல்லாம் கேட்கவில்லை. பார்த்தேனா என்றுதான் கேட்டாள். பிள்ளை அந்தக் கட்டத்தைப் பார்த்தாள், கண்ணை மூடித் திறந்து மறுபடியும் பார்த்தாள், பிறகு தன் கையை விரித்துத் தன் விரல்களைப் பார்த்தாள். அந்த விரலை வைத்துத்தான் தடவிப் பார்த்திருக்கிறாள் என்று எனக்குச் சாயர்புரம் போன பிறகுதான் புரிந்தது. ஆனால் அன்றைக்கே ஒன்று புரிந்தது. அவள் தன்னை நம்புவதை நிறுத்திவிட்டாள் என்று புரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்த நிமிஷம் எனக்கு வந்தது நிம்மதி.

"பாத்தேன்" என்றேன்.

"சரி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.